மூன்றாவது சுழி

கொம்பு உண்டு, முட்டாது. கால் உண்டு, நடக்காது. சுழி உண்டு, ஆள் முழுகாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்முடைய எழுத்துதான். 'கெ'வுக்குக் கொம்பு, 'கா'வுக்குக் கால், 'ன'வுக்கு ரெண்டு சுழி, 'ண'வுக்கு மூணு சுழி. ஆனால் 'ஆள் முழுகாது' என்றதை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பெண் ஒருத்தி வாரா வாரம் அதில்தான் முழுகிக்கொண்டிருந்தாள். எந்தச் சொல் வந்தாலும் ரெண்டு சுழியோடு கடையை மூடிவிடுவாள்.

இத்தனைக்கும் அவள் அம்மாவுக்குப் பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. அங்கே அம்மாவுக்குப் பட்டப்பெயரே பூதக்கண்ணாடி.

அன்று இடைவேளை நேரத்துக்கு வரச்சொல்லி டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி மகள். இன்னொருத்தி அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் ரெட்டைச்சடை.

டீச்சர் இரண்டு நோட்டுகளை விரித்தார்.

"டிக்டேஷன்ல ஆறு தப்பு. ரெண்டு பேருக்கும் அதே ஆறு. மூணு வாரமா இதே கதை."

"அப்ப இவ என் பொண்ணைப் பார்த்து எழுதுறா!" என்றாள் அம்மா.

"அதேதான். பார்த்து எழுதறதுன்னு ஆயிடுச்சு, நல்லா எழுதற பிள்ளையா பார்த்து எழுதக் கூடாதா..." டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. அந்தப் பிள்ளையை வேற பிரிவுக்கு மாத்திடலாம். நீங்க ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா நாளைக்கே மாத்திடுவோம்."

"அம்மா, வேணாம்மா! எனக்கு அவ மட்டும்தான் ஃபிரெண்டு!" என்று மகள் ஓடி வந்தாள்.

"நீ சும்மா இரு. நல்ல ஃபிரெண்டைப் பிடிச்சே!"

அம்மா பேனாவை எடுத்தாள். 'இந்தப் பெண்' என்று எழுதும்போதே காது மடல் சூடாவது தெரிந்தது.

அந்தச் சூடு அவளுக்குப் பழக்கமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'இப்படியும் எழுதுவார்களா!' என்று காது கொதிக்க ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிட்டாள். எழுதியவர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். காது சூடானால் அடிப்பதில்லை. மூச்சை மெதுவாக இழுத்து விடுவாள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாள். இன்னொரு தடவை பார்ப்பாள். அப்புறம் எழுதினவரையே கேட்டுவிடுவாள்.

இப்போதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சு விட்டாள். ரெட்டைச்சடையின் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

கினறு. துனை. உனவு.

ஒவ்வொரு 'ன'வுக்கும் பக்கத்தில் தாள் லேசாக நார் கிளம்பியிருந்தது. அங்கே ஏதோ இருந்து, அழிக்கப்பட்டிருந்தது.

"டீச்சர், இங்க பாருங்க. முதல்ல சரியா மூணு சுழி போட்டிருக்கா. அப்புறம் ஒரு சுழியை ரப்பர் வச்சு அழிச்சிருக்கா. ஆறு இடத்துலயும்."

"சரியா எழுதினதை யாராவது மெனக்கெட்டுத் தப்பாக்குவாங்களா?"

"எனக்கும் புரியல. கேட்டுப் பார்ப்போம்."

அம்மா குட்டி நாற்காலி ஒன்றில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள். முழங்கால் தாடையைத் தொட்டது. ரெட்டைச்சடைக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, மூணாவது சுழியை எதுக்கு அழிச்சே? கோவத்துல கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்."

அவள் சடை நுனியைத் திருகினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அஞ்சு தப்புக்கு மேல பண்ணினா இடைவேளைக்கு வெளிய விட மாட்டாங்க, ஆன்ட்டி. உள்ளயே உக்காந்து இருபது தடவை எழுதணும். போன மாசம் இவ தனியா அழுதுக்கிட்டே எழுதினா."

"சரி, அதுக்கு நீ ஏன்..."

"ஆறு தப்பு பண்ணினா நானும் உள்ள இருக்கலாம்ல?"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அம்மா எழுதத் தொடங்கிய தாளைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தாள். அதுவரை ஏதும் அறியாதிருந்த மகள் தோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிரிவெல்லாம் மாத்த வேணாம்." மகள் பக்கம் திரும்பினார். "உன் பழைய இடமும் இருக்கு. முன் வரிசையில ஒரு இடமும் காலியா இருக்கு. எங்க உக்காரணும்னு நீயே சொல்லு."

"முன் வரிசை" என்றாள் மகள்.

ரெட்டைச்சடையின் முகம் சுருங்கிப்போனது.

அம்மாவுக்கு மறுபடி காது சூடேறியது. இவளுக்காக அந்தக் குழந்தை மூணு வாரமாக வெளியே போகாமல் கிடந்திருக்கிறது. இவள் ஒரே நொடியில் உதறிவிட்டாளே! 'நன்றி கெட்டவளே' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா அதை விழுங்கினாள்.

"ஏன்டா கண்ணு?" என்று கேட்டாள்.

"பக்கத்துல இருந்தா என் நோட்டைப் பார்த்து அழிச்சுடுவா. முன்னாடி போயிட்டா எனக்கு எத்தனை தப்புன்னு அவளுக்குத் தெரியாது. சரியா எழுதிட்டு விளையாடப் போயிடுவா."

"அப்ப நீ?"

"நான் எழுதி முடிச்சுட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.