படம் பிறகு

படகோட்டும் கணினி விளையாட்டு ஒன்றுக்குள் திருகோணமலைத் துறைமுகத்தைக் கொண்டுவர, நிஷாந்தினியும் அஷ்பாக்கும் சேர்ந்து ஒரு மொட், அதாவது விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் பகுதி, செய்யத் தொடங்கினார்கள். இருவருக்கும் தொலைபேசியில்தான் பழக்கம்.

"அக்கா, துறைமுகத்தை நூறு படம் எடுத்து வெச்சிருக்கன். அதை முதல் போடுவமா?"

"படம் பிறகு, தம்பி. முதல் சத்தம் வேணும். பாறையில அலை அடிக்கிறது, படகு கட்டுற ஜெட்டியில கயிறு இழுபடுறது, எல்லாம் பதிஞ்சு அனுப்புங்கோ."

அனுப்பினான். இரண்டு கிழமை கழித்தும் அவள் சத்தத்தையே கேட்டாள். சலித்துப்போய், விலகிக்கொள்வதாக நேரில் சொல்ல அவள் வீட்டுக்கே போனான்.

கணினியின் முன் இருந்தவள், அவன் குரல் கேட்டதும், "நல்ல நேரம் வந்தீங்கள். நான் ஓட்டுறன், கேளுங்கோ" என்றாள்.

இடப்பக்க ஸ்பீக்கரில் பாறை அலை நெருங்கியது. அவள் விசையைத் தட்ட, அது விலகிப் போனது. வலப்பக்கத்தில் ஜெட்டிக் கயிறு முனகியது.

"கரை சேந்திட்டம்!"

அஷ்பாக் அப்போதுதான் திரையைப் பார்த்தான். கறுப்பாக இருந்தது.

"அக்கா, ஸ்கிரீன் ஓஃப்பாக் கிடக்கு!"

"அப்பிடியோ? ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று சிரித்தாள், பிறவியிலேயே பார்வையில்லாத நிஷாந்தினி.

அவன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்தான்.

"அடுத்தது என்ன சத்தம் வேணும், அக்கா?"