ஏகமனதாக

“இந்தமுறை எனக்கு ஏலாது. வேறை ஆரையெண்டாலும் தலைவராப் போடுங்கோ.”

நான் சொல்லி முடிக்கவில்லை, மாதர் சங்கக் கட்டடம் முழுவதும் சிரிப்பு.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பதினொரு வருடமாக ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் இதே இடத்தில் நின்று இதையேதான் சொல்கிறேன். அவர்கள் கெஞ்சுவார்கள். நான் கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டு, எழும்பி வந்த கதிரையிலேயே போய் இருந்துவிடுவேன். வேலணையிலிருந்து வரும் உத்தியோகத்தர் அறிக்கையில் ‘ஏகமனதாக’ என்று எழுதுவார். பிறகு தேநீரும் வடையும்.

இந்த முறை உண்மை.

வியாழக்கிழமை எனக்கு விமானம். கனடாவில் இருக்கும் மகன் தர்சன் கூப்பிட்டுவிட்டான். விசா குத்திய கடவுச்சீட்டு அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது. திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

இன்றைக்குப் புதுத் தலைவர் ஒருத்தி வராவிட்டால் சங்கம் நடத்துகிற எங்கள் மிளகாய்த்தூள், கறித்தூள் ஆலை நின்றுவிடும். தலைவரின் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு மூட்டை மிளகாய் கூட இறக்க முடியாது. அந்த விதியை எழுதியவளும் நான்தான். வெள்ளிக்கிழமை காலையில் வறுக்கவும் அரைக்கவும் பை கட்டவும் வருகிற பதினான்கு பேரும் வாசலில் நிற்பார்கள்.

பயணத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. எங்கள் தீவில் வெளிநாட்டுப் பயணத்தைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்வது. முதலே வாய் விட்டால் கண் படும், ஏதாவது வந்து குழப்பும் என்று பயம். பக்கத்து வீட்டு சறோஜினிதேவி லண்டன் போனதை, அவள் அங்கிருந்து போன் எடுத்தபோதுதான் நானே அறிந்தேன். அதற்காக ஒரு மாதம் அவளோடு கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்தேன். இப்போது நானும் அதையேதான் செய்கிறேன்.

பகிடி இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றேன்.

சிரிப்பு இன்னும் கூடியது. போன வருடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பிரஷர் என்று வேறு சொன்னேன். அதற்கு முந்திய வருடமும் பிரஷர்தான்.

பிரியவதனியைப் பார்த்தேன். எங்கள் செயலாளர். இரண்டாம் வரிசையில், மடியில் கொப்பியோடு இருந்தாள்.

தலைவராக வரக்கூடியவள் அவள் ஒருத்திதான். அது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஒரு முறை, கிழமை முழுக்க ஏழு நாளும் நான் காய்ச்சலில் எழும்பாமல் கிடந்தபோது, கொழும்புக் கடைக்காரர் ஒருவர் திடீரென்று இருநூறு கிலோ கறித்தூள் கேட்டார். பிரியவதனி ஆட்களைக் காலை, மாலை என்று பிரித்து வைத்து வேலை வாங்கினாள். நான்காம் நாள், குறிகட்டுவானிலிருந்து வந்த முதல் பஸ்ஸை மடத்துவெளியில் மறித்து மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டாள். ஒரு பை கூடப் பழுது என்று திரும்பி வரவில்லை.

காய்ச்சல் விட்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினேன். என்னைக் கேட்காமல் செய்ய நீர் ஆர் என்று கேட்டேன்.

நான் இல்லாமலும் ஆலை ஓடியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கையெழுத்து விதியை எழுதியதும் அப்போதுதான். அதற்குப் பிறகு பை கட்டுகிற நூல் வாங்குவதற்கும் அவள் எனக்குப் போன் எடுப்பாள். பார்த்தீர்களா, நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று நானும் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். வெட்கம் கெட்டவள்.

இன்றைக்கு அவளுடைய பெயரை நானே சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வாயையும் திறந்தேன்.

அதற்குள் பின்னால் இருந்து அன்ரனிட்டா, கமலாதேவி அக்கா இல்லாத சங்கம் எங்களுக்கு எதற்கு என்று சத்தம் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். பொய் சொல்வானேன், அந்த நேரத்திலும் எனக்கு அது இனித்தது. இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று நின்றுவிட்டேன்.

பிரியவதனி எழும்பினாள்.

வருடா வருடம் அவள்தான் எழும்புவாள். அக்காவைத் தவிர வேறு ஒருவராலும் இந்தச் சங்கத்தை நடத்த முடியாது, அக்காவையே திரும்பவும் பிரேரிக்கிறேன் என்றாள். தடுமாறாமல், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அன்ரனிட்டா வழிமொழிந்தாள். உத்தியோகத்தர் எழுதத் தொடங்கிவிட்டார்.

எழுதியதை வெட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை போகிறேன் என்று ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் போய்க் கதிரையில் இருந்தேன். இருந்ததும் இல்லாமல், எல்லோருக்கும் நன்றியும் சொன்னேன்.

தேநீர் கொடுக்கிற நேரம் பிரியவதனி எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். முகம் முழுக்கச் சந்தோசம்.

“அக்கா, ஒவ்வொரு வருசமும் கூட்டத்துக்கு முதல்நாள் எங்கடை வீட்டை வந்து, நான் எழும்பி என்ன சொல்லவேணும் எண்டு சொல்லித்தாறனீங்கள். இந்தமுறை வரேல்லை. மறந்துபோனீங்கள் எண்டு நினைச்சு நானாவே எழும்பிச் சொல்லிப்போட்டன். சரிதானே?”

நல்லாச் செய்தீர் என்றேன். பதினொரு வருடத்தில் அவளை நான் பாராட்டியது அதுதான் முதல் தடவை.