கேலரியில் பக்கத்து ஆள்

“ஞானராஜ் பக்கத்துலதாங்க சார் நான் உக்காந்திருந்தேன். தோளோட தோளு ஒட்டிக்கிட்டு” என்று பெரியநாயகம் சொன்னதும், ஸ்டேஷன் வாசற்படியில் நின்றிருந்த இசபெல்லாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பதினோரு நாளாக அவள் தேடி அலைந்த சொல் அது. அந்த 1968 கோடையில், தருமபுரியில் கால்பந்து ஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே, ஊரில் அவளுடைய அண்ணன் சவுரியப்பனை யாரோ மண்டையைப் பிளந்து கிணற்றில் தள்ளிவிட்டார்கள்.

கிணறு மூன்று குடும்பத்துக்குப் பொது. அண்ணனுக்கு ஒரு பங்கு, அவள் புருஷன் ஞானராஜுக்கு ஒரு பங்கு, பெரியநாயகத்துக்கு ஒரு பங்கு. தண்ணீர் முறைக்காக முந்தின நாள் ஊரே பார்க்க அண்ணனோடு மல்லுக்கு நின்றவன் ஞானராஜ். போலீஸ் நேராக வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

“நான் மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேங்க” என்று அவன் கதறியது எடுபடவில்லை. கிழித்த டிக்கெட் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீ உள்ள போனத இது சொல்லுது. உள்ளயே இருந்தத யாரு சொல்றது?”

அதைச் சொல்ல ஓர் ஆள் தேடித்தான் இசபெல்லா மேட்சுக்குப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தாள். கடத்தூர் டீக்கடையில் முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டு பேசினான். “கூட்டமாங்க அது! பன்னெண்டாயிரம் தலை. புளியமரத்துக் கெளையெல்லாம் ஆளு. கெளை முறிஞ்சு கீழ வுழுந்தவன், ‘கோல் போட்டது யாருடா?’ன்னு கேட்டுக்கிட்டே எந்திரிக்கறான்!”

“எங்க வூட்டுக்காரரு பச்சைச் சட்டை போட்டிருந்தாரு. பாத்தீங்களாண்ணா?”

“பந்தப் பாக்கறவன் பக்கத்துல இருக்கறவனையா பாப்பான்?”

எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். அந்த கோலை எந்தக் காலால் அடித்தான் என்பது ஒருவருக்கும் மறக்கவில்லை. நடுவே உட்கார்ந்திருந்த ஞானராஜின் முகம்தான் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

இன்றைக்கு, யாரும் கூப்பிடாமல், பெரியநாயகமே சைக்கிளில் வந்து இறங்கியிருக்கிறார்.

“நடுவுல எறங்கி ஊருக்குப் போயிட்டு வந்திருந்தா?” இன்ஸ்பெக்டர் மடக்கினார்.

“முடியாதுங்க சார். அந்த கேலரியக் கட்டுறப்பவே நான் நின்னு பாத்தேன்.” பெரியநாயகம் மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். சவுக்குக் கம்பம் நட்டு, கயிற்றால் பிணைத்து, படிப்படியாக எட்டு வரிசைப் பலகை. ஏணி இரண்டு ஓரத்திலும்தான். பின்னால் இருப்பவன் முழங்கால் முன்னால் இருப்பவன் முதுகில் முட்டும். நடுவில் இருக்கிற ஒருவன் இறங்க வேண்டுமென்றால் அந்த வரிசையில் முப்பது பேர் எழுந்து வழிவிட வேண்டும். ஃபைனலில் எவன் எழுந்திருப்பான்?

“ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிக்கிட்டுத்தாங்க உக்காந்திருப்பாங்க” என்று முடித்தார். ஏட்டு கோவிந்தன் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் மீசைகூட லேசாக அசைந்தது.

“எம் பேரையும் சேத்து எழுதிக்குங்க சார். மூணு மணியிலிருந்து கடைசி விசில் வரைக்கும் ரெண்டு பேருமே எறங்கலைன்னு.” எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று இசபெல்லா நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஞானராஜ் பக்கம் திரும்பினார். “இவரு சொல்றது நெசமா?”

ஞானராஜ் பெரியநாயகத்தையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க” என்றான்.

ஞானராஜை விட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்காக இருவரும் வேப்பமரத்தடியில் நின்றபோது இசபெல்லாவின் கண்ணீர் நிற்கவில்லை. “அண்ணனோட முப்பதாம் நாள் பூசையில பெரியநாயகண்ணனத்தான் முன்னால நிறுத்தணுங்க. எனக்கு இனிமே கூடப் பொறந்தவரு அவருதான்.”

ஞானராஜ் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “அவரு எம் பக்கத்துல இல்ல, புள்ள.”

“என்னங்க சொல்றீங்க?”

“இந்தப் பக்கம் கன்னடத்துல கத்திக்கிட்டு ஒருத்தன். அந்தப் பக்கம் வாயே தொறக்காத ஒரு பெரியவரு. ரெண்டு பேரும் யாருன்னே தெரியாது. இவரு அந்த வரிசையிலயே இல்ல.”

“அப்ப... நமக்காகவா பொய் சொன்னாரு?”

“அப்படித்தான் இருக்கணும். வெளிய மூச்சு விட்டுராத. பொய்யின்னு தெரிஞ்சா என்னை மறுபடி உள்ள தள்ளிருவாங்க. அப்பறம் தூக்குதான்.”

பெரியநாயகம் சைக்கிளில் போன சாலையைப் பார்த்து இசபெல்லா இரண்டு கையையும் கூப்பினாள்.

பின்னாலிருந்து மணி அடித்தது. ஏட்டு கோவிந்தன் சைக்கிளில் வந்து, ஞானராஜ் ஸ்டேஷனில் மறந்துவிட்ட துண்டை நீட்டினார். “உசுரு வந்த சந்தோசத்துல துண்ட உட்டுட்டு வந்துட்டியே! பெரியநாயகத்துக்கு வூட்டுல படம் மாட்டிக் கும்புடுங்க.”

“கும்புடாம இருப்போங்களா, ஏட்டய்யா?” என்றாள் இசபெல்லா.

“அவருக்குமே நல்லதாத்தான் போச்சு. அன்னிக்கு நாலரை மணிக்குக் கெணத்து மேட்டுல அவரப் பாத்தேன்னு, மாடு மேய்க்கற பையன் மாது நேத்து வந்து சொன்னான். இன்னிக்குச் சாயந்தரம் அவரப் புடிச்சுக்கிட்டு வர்றதா இருந்தோம்.”

கோவிந்தன் பெடலில் கால் வைத்தபடி சிரித்தார்.

“மேட்சுல உக்காந்திருந்த ஆளு, எப்படிம்மா கெணத்து மேட்டுல நிப்பாரு?”