கீழே இரண்டு படி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது பெரிய கதை இல்லை, இரண்டு படி உயரம்தான். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்பட்டும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிக்கும்போது சொல்ல எனக்குத் தெம்பிருக்காது.

நீச்சல் குளத்து ஏணியைக் கழற்றிக் கரையில் படுக்கப் போட்டிருந்தார் ஃபிட்டர். காலையில் வந்தவர், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் அரத்தை வைத்துக் குழாய் முனையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூன்று படி ஏணியை ஐந்து படியாக்க ஒரு நாளா என்று மேனேஜர் இரண்டு தடவை வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார். அவர் இந்த வேலைக்குப் புதுசு. வாங்கும்போதே குட்டையாக வாங்கித் தொலைத்திருக்கிறார்கள் என்று, முன்னால் இருந்தவர்களுக்கும் ஒரு திட்டு விழுந்தது.

குளத்து ஓரமாக, நீளக் கம்பு மாட்டிய பிரஷ்ஷை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம் முன்பு வரை அந்த பிரஷ் அவள் புருஷன் கையில் இருந்தது. குளம் கழுவுகிறவர், நீந்தத் தெரியாதவர்.

கழுவுவதற்காகப் பாதித் தண்ணீரை இறக்கியிருந்த ஒரு காலையில், ஆழப் பக்கம் வழுக்கி விழுந்தார். எப்படியோ ஏணியை எட்டிப் பிடித்துவிட்டார். ஆனால் கடைசிப் படியே தண்ணீருக்கு மேலே, அவர் நெஞ்சுக்கு நேரே நின்றது. கால் ஊன்ற இடம் தேடித் தேடி, கை ஓய்கிற வரைக்கும் தொங்கியிருக்கிறார்.

அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். அவளுக்கும் நீந்தத் தெரியாது. வீட்டில் இரண்டு சின்ன வயிறு காத்திருக்கும்போது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்? நாளைக் காலை அவள் இறங்க வேண்டியது இந்த ஏணியில்தான்.

ஃபிட்டர் கோணிப்பையிலிருந்து இரண்டு படியுள்ள கீழ்த்துண்டு ஒன்றை எடுத்தார். அதே பருமன், அதே வளைவு, அதே மங்கல். இந்த மாடலெல்லாம் இப்போது கடையில் வருவதே இல்லையே, எங்கே பிடித்தீர் என்று மேனேஜர் வாயைப் பிளந்தார். வீட்டில் பழைய சாமானோடு கிடந்தது என்றார் ஃபிட்டர், நிமிராமலே.

இரண்டு பக்கக் குழாய்க்குள்ளும் ஒரு சாண் நீளத்துக்கு உள்குழாயைச் செருகினார். மேலும் கீழும் குறுக்கே போல்ட் போட்டு, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு வைத்து முறுக்கினார். காலைக் கீறாதபடி போல்ட் முனைகளை வெளிப்பக்கம் திருப்பி மழுக்கினார். அடியில் ஆடாமல் நிற்க ரப்பர் குல்லா மாட்டினார்.

“இவ்வளவு கீழ போனா பிரஷ் மாட்டாதாண்ணே?” என்று கேட்டாள் அவள்.

“மாட்டினா மாட்டட்டும்மா. நின்னு எடுத்து விட்டுட்டுப் போங்க.”

அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “அவரும் இதையேதான் புலம்புவாரு. சுவரோரமா தேய்க்கும்போது அடியில எங்கயோ மாட்டுது, இடுப்பு கழண்டு போகுதுன்னு. அப்புறம் ஒரு நாள் சிரிச்ச முகமா வந்தாரு. இனிமே மாட்டாது, சரி பண்ணிக் குடுத்த ஆளுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்னாரு. அந்தச் சந்தோஷம் ஒரு மாசம்கூட நிக்கலண்ணே.”

ஃபிட்டர் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டு, முறுக்கிய நட்டையே மறுபடி முறுக்கினார்.

ஏணியைக் குளத்தில் மாட்டியதும் கடைசிப் படியில் இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார். அசையவில்லை. மூட்டைகளை அவிழ்த்துவிட்டு, தானே இறங்கி அதே படியில் நின்று குதித்தார். பத்துத் தடவை, இருபது தடவை. நிறுத்துவதாகக் காணோம்.

“போதும்யா, யானையா இறங்கப் போகுது?” என்றார் மேனேஜர்.

பிறகு அவள் இறங்கினாள். ஒவ்வொரு படியையும் காலால் துழாவித் துழாவிப் போய், ஐந்தாவதில் ஊன்றி நின்றாள். இன்று குளம் நிறைந்திருந்ததால் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். அவர் கால் தேடிய இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

மேலே வந்தவள் ஈரக் கையைக் கூப்பினாள். “முன்னாடியே நீங்க வந்து இந்த ஏணியில கை வச்சிருந்தா, இன்னைக்கு அவர் இருந்திருப்பாருண்ணே. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்.”

சாமானெல்லாம் பைக்குள் போயாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம், கேட்பார் யாருமில்லை. வாசல் வரை போனவர் நின்றார், திரும்பி வந்தார், பையைக் கீழே வைத்தார்.

“அந்த டீ எனக்குத்தாம்மா வாங்கிக் குடுத்தாரு, இந்த ரெண்டு படியை வெட்டினதுக்கு.”