ஏழாம் படித் தவளை

அந்தக் குளத்துத் தவளைகளுக்குத் தாவல் போட்டி என்றால் உயிர். ஜெயித்தால் ஒரு படி ஏறலாம், தோற்றால் ஒரு படி இறங்க வேண்டும். ஒரே படியில் இருக்கிற இரண்டு பேரைத்தான் ஆமை எதிரெதிரே நிறுத்தும்.

போன மழைக்கு ஒரு முழம் தாவி மூன்றாம் படியில் இருந்த தவளை, இந்த மழைக்கு மூன்று முழம் தாவி ஏழாம் படிக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றும் பாதிக்குப் பாதி தோல்வி, இன்றும் அதே கதை. அதற்கு மண்டை காய்ந்தது.

"ஏன் அண்ணே இப்படி?"

"பாதிக்குப் பாதி தோத்தாத்தான் நீ சரியான படியில இருக்கேன்னு அர்த்தம்," என்றது ஆமை. "இன்னும் நல்லாத் தாவு. உன்னைவிட நல்லாத் தாவுறவனாப் பார்த்து நிறுத்துறேன்."

"அப்ப நான் எப்பத்தான் நிம்மதியா ஜெயிக்கிறது?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

தவளை வேண்டுமென்றே ஆறு முறை தோற்று முதல் படிக்கு இறங்கியது. எதிரே ஒரு சோனித் தவளை நின்றது. பாவம் என்று நினைத்துக்கொண்டே இது மூன்று முழம் தாவியது. சோனி நான்கு முழம் தாவியது.

"நீ... எந்தப் படி?"

"ஒன்பது. நிம்மதியா ஜெயிக்கலாம்னு இறங்கி வந்தேன்."

"அப்ப இந்தப் படிக்காரங்கள்லாம் எங்கே?"

"மேலே போயிட்டாங்க. நாமதானே தோத்துத் தோத்து ஏத்திவிட்டோம்?"