மண்ணில் வெந்த கடலை

பூமிக்கடியில் உள்ள சுடுபாறைக்குள் தண்ணீரைச் செலுத்தி, ஆவியாக மேலே எடுத்து மின்சாரம் தயாரிக்கும் நிலையத்தில் பூவிழிக்கு வேலை. பக்கத்து நிலம் அவள் அண்ணன் மாசிலாமணியுடையது. விதைக்கும் முன் அவன் கேட்டபோது, "ஆவி இவ்வளவு தூரம் வராதுண்ணே, தைரியமா போடு" என்றிருந்தாள்.

அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில் நிலக்கடலைச் செடிகள் திடீரென்று துவண்டன. பிடுங்கிப் பார்த்தால், காய்கள் மண்ணுக்குள்ளேயே வெந்திருந்தன.

பூவிழி யாரையும் கேட்காமல் நிலையத்துக்கு ஓடிப்போய், பாறைக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடினாள். திரும்பி வந்தபோது, வெறுங்காலில் நிற்க முடியாமல் அண்ணன் வரப்பில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தான்.

"மூடிட்டல்ல பாப்பா? அடுத்த பட்டத்துக்குள்ள மண்ணு ஆறிடுமா?"

பாறையின் நுண்துளைகளில் புகுந்த சூடு எத்தனை மெதுவாக வெளியேறும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆறும்ணே," என்றாள். "நம்ம காலத்துல இல்ல."