உப்பு நட்சத்திரம்

மரக்காணத்து உப்பளங்களில் மழைநீர் நிற்கிறது. வேலையில்லாத ரேணுகா வீட்டிலேயே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்கிறாள். நீல மை பூசிய அட்டையில் பசை தடவி உப்பைத் தூவினால் நட்சத்திரம். ஆரோவில் கடையிலிருந்து வாங்க வந்திருக்கும் செந்தமிழ், பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறாள். உப்பு மினுங்குகிறது. "சூப்பரா இருக்குதுக்கா." நன்றாக இருப்பவற்றை மட்டும் மேலே அடுக்கியிருக்கிறார்கள். அடியில் இருப்பவையெல்லாம் நேற்றைய அடைமழையில் உப்பு நீர்விட்டு, மை கரைந்தவை. வாசலில் நிற்கும் கணவன் சடையப்பன், பேசாதே என்று கண்ணைக் காட்டுகிறான். செந்தமிழ் பெட்டியை மூடப் போகிறாள். கூரைத் தகரத்தில் மறுபடி தூறல் விழுகிறது. உப்பில் வெடித்த ரேணுகாவின் விரல்கள் மூடிக்குக் குறுக்கே நீள்கின்றன. "இரும்மா. அடியில இருக்கறதயும் பாத்துடு."